கோடா, பூஜ்ஜியமா?

பெரியப்பாவின் நோட்டில் பறவைகளின் பெயர் முதல் பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். நூறு பக்க லாங் சைஸ் நோட்டு. ஸ்கேல் வைத்துப் பென்சிலால் இழுத்துக் கட்டம் கட்டியிருப்பார். இடது ஓரத்தில் தேதி, அதையடுத்துப் பன்னிரண்டு கட்டங்கள். முதல் கட்டம் நத்தைகுத்தி நாரை, இரண்டாவது கூழைக்கடா, மூன்றாவது நீர்க்காகம், நான்காவது வக்கா என்று போய்ப் பன்னிரண்டாவதில் ஊசிவால் வாத்து. இரண்டாம் பக்கத்திலிருந்து பெயர் கிடையாது, எண்கள் மட்டும். வீட்டுக்கு வந்த யாரோ எடுத்துப் புரட்டிவிட்டு, "பால் கணக்கா?" என்று கேட்டார்கள். "நாரைக் கணக்கு" என்றார் பெரியப்பா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

பிற்பாடு நான் கணினி படித்து, அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவனாக ஆனேன். அணி என்ற பாடம் வரும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டுதான் கண்முன் நிற்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர், அதற்குள் பல இடங்கள், ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண். நாலாவது என்றால் வக்கா. அது எந்தப் பக்கத்திலும் மாறாது. மாறினால் நோட்டு குப்பை.

பெரியப்பாவுக்கு வேடந்தாங்கல் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. ஏரியில் நிற்கும் கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் கூடு கட்டுகிற ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் தண்ணீரில் கரைந்து மதகு வழியாக வயலுக்கு வரும். அந்தத் தண்ணீர் பாய்கிற நிலத்துக்கு உரம் குறைத்துப் போட்டால் போதும் என்பது ஊர் அனுபவம். அதனால் எங்கள் பக்கத்தில் பறவை என்பது அழகு பார்க்கிற சமாசாரம் மட்டும் இல்லை. வெள்ளைக்கார சிப்பாய்கள் ஏரியில் சுட்டு விளையாடியதை எதிர்த்து ஊரார் முறையிட்டு, 1798ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸிடமிருந்து பாதுகாப்பு உத்தரவு வாங்கியிருக்கிறார்கள். 1858ல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். ஏரி மொத்தமே 30 ஹெக்டேர் சுமாருக்குத்தான் வரும். அதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கிற ஊர். 2022ல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்தபோது பேப்பர்காரர்கள் வந்து கேட்ட கேள்விகளுக்கு ஊரில் யாருக்கும் புதிதாகச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

பெரியப்பா எண்ணுகிற முறை ஒன்று வைத்திருந்தார். ஐப்பசி அடைமழை விட்டு ஏரி நிரம்பிய பிறகுதான் நோட்டைத் தொடுவார். சாயங்காலம் கரையில் ஒரே இடத்தில் உட்காருவார். எதிரே தெரிகிற ஒற்றைப் பனைக்கு வலப்பக்கமாக ஏரிக்குள் இறங்குகிற பறவை மட்டும்தான் கணக்கு. இடப்பக்கம் எத்தனை வந்தாலும் சேர்க்க மாட்டார். கூட்டமாக வந்தால் முதலில் பத்தைக் கண்ணால் பிடித்து, அந்தப் பத்து அளவுக்கு எத்தனை பத்து என்று பார்ப்பார். நத்தைகுத்தி நாரை ஒழுங்காக வரிசை பிடித்து வரும், அதை எண்ணுவது சுலபம். நீர்க்காகம் தண்ணீரை ஒட்டிச் சரசரவென்று போகும், அதுதான் கஷ்டம். வக்கா எல்லாரும் அடைய வருகிற நேரத்தில் எதிர்த்திசையில் வெளியே கிளம்பும், ராத்திரி இரைதேடி. அதனால் நாலாவது கட்டத்தில் மட்டும் வருகிற கணக்கு இல்லை, போகிற கணக்கு. இதை நோட்டில் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவருக்குத் தெரியும், என்னிடம் சொன்னார், எனக்கும் தெரியும். நிரல் எழுதுகிறவர்கள் குறிப்புரை எழுதாமல் விடுவது இன்று நேற்று வந்த வியாதி இல்லை.

நான் சொல்ல வந்தது அவர் கட்டத்தை நிரப்புகிற விதத்தைப் பற்றி. பனைக்கு வலப்பக்கம் ஒரு கூழைக்கடாகூட வராத நாளில் இரண்டாவது கட்டத்தில் பூஜ்ஜியம் போடுவார். காய்ச்சல், கல்யாணம், கரையில் கால் வைக்க முடியாத மழை என்று அவரே போகாத நாளில் பன்னிரண்டு கட்டத்துக்கும் சேர்த்து ஒரே கோடாக இழுத்துவிடுவார். ஒரு தடவை அவர் வெளியூர் போயிருந்தபோது நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது சொன்னது இது: "போயி உக்காந்து பாத்து, வர்லன்னா பூஜ்ஜியம் போடு. நீ போவவே இல்லன்னா கோடு போடு. ரெண்டத்தையும் கலந்துடாத. கலந்துட்டா அப்புறம் நோட்டு எதுக்கு?"

1993ல் மதுராந்தகத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். அப்போது கடைத்தெருவுக்கு ஒன்றாக அப்படி முளைத்துக்கொண்டிருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். ஏசி கிடையாது, ஆனால் இருப்பதுபோல் கதவைச் சாத்தியே வைத்திருப்பார்கள். கறுப்புத் திரை, பிளாப்பி, ஜிடபிள்யூ பேசிக். திரையைத் திறந்ததும் மேலே அறுபதாயிரத்துச் சொச்சம் பைட் காலியாக இருக்கிறது என்று ஒரு வரி வரும். அந்த அறுபதாயிரத்துக்குள்தான் எங்கள் உலகம்.

பேசிக் மொழியைப் பற்றி இன்றைக்குச் சிலர் இளக்காரமாகப் பேசுகிறார்கள். அது உருவான நோக்கத்தைத் தெரிந்துகொண்டால் அப்படிப் பேச வராது. 1964ல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனியும் தாமஸ் குர்ட்ஸும் கணிதமோ அறிவியலோ படிக்காத மாணவர்களும் கணினியைத் தொட வேண்டும் என்பதற்காக எழுதியது. இருபது வருஷம் கழித்து, 1984ல், இந்திய அரசு கிளாஸ் என்ற பெயரில் பள்ளிகளுக்குக் கணினிக் கல்வித் திட்டம் கொண்டுவந்தபோது இறக்கியதும் பேசிக் ஓடுகிற பிபிசி மைக்ரோ பெட்டிகளைத்தான். அந்தப் பெட்டி எங்கள் பள்ளிக்கு வந்து சேரவில்லை. கடைத்தெரு சென்டர்தான் எங்களுக்கு வாய்த்தது.

சென்டர் சாருக்கு அணியை எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. அந்த வயதில் அதை ஒரு திறமை என்று நான் நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறேன். அவர் முதலில் அணியைப் பற்றிப் பேசவே இல்லை. என் கையில் பெரியப்பா நோட்டின் ஒரு பக்கம் இருந்தது. அதைப் பார்த்து, ஒரு நாளைக்கு வந்த பன்னிரண்டு வகைப் பறவைகளின் எண்ணிக்கையை வாங்கிக் கூட்டச் சொன்னார். எனக்குத் தெரிந்தவரை பன்னிரண்டு மாறிகள் வைத்தேன், பன்னிரண்டு தடவை உள்ளீடு கேட்டேன், பன்னிரண்டையும் கூட்டல் குறி போட்டு ஒரு நீண்ட வரியில் சேர்த்தேன். ஓடியது. "நல்லது, இப்ப மார்கழி மாசம் முழுக்கப் போடு" என்றார். பன்னிரண்டை முப்பதால் பெருக்கிப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் அடைப்புக்குறியைக் காட்டினார். பி என்று ஒரு பெயர், அடைப்புக்குறிக்குள் ஓர் எண். பி(1) நத்தைகுத்தி நாரை, பி(2) கூழைக்கடா. அடைப்புக்குறிக்குள் எண்ணுக்குப் பதில் ஐ என்று வைத்து, ஐயை ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஃபார், நெக்ஸ்ட் போட்டு ஓடவிட்டால், உள்ளீடு கேட்க ஒரு வரி, கூட்ட ஒரு வரி. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் டிம் என்ற சொல்லை மட்டும் வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருந்தார். ஓடவிட்டேன். ஒன்று, இரண்டு என்று கேட்டு வாங்கிக்கொண்டே வந்த கணினி பத்து வரை ஒன்றும் சொல்லவில்லை. பதினோராவது பறவைக்கு எண்ணைத் தட்டியதும் 'சப்ஸ்கிரிப்ட் அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று சொல்லி நின்றுவிட்டது.

அறிவிக்காமல் அணியைப் பயன்படுத்தினால் ஜிடபிள்யூ பேசிக் பத்து வரைக்கும் தானாகவே இடம் கொடுத்துவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். 'டிம் பி(12)' என்று மேலே ஒரு வரி. அவ்வளவுதான் அறிவித்தல். சார் அதைப் பத்து நிமிஷம் முன்னாலேயே சொல்லியிருந்தால் நானும் எழுதிக்கொண்டு மறந்திருப்பேன். பதினோராவது பறவை தடுக்கி விழுந்த பிறகு சொன்னதால் இன்றுவரை மறக்கவில்லை.

பிறகு இரண்டு பரிமாணம். பன்னிரண்டு பறவை, முப்பத்தொரு நாள். 'டிம் பி(12, 31)'. முதல் எண் எந்தப் பறவை, இரண்டாவது எண் எந்த நாள். பி(2, 14) என்றால் பதினாலாம் தேதி சாயங்காலம் வந்த கூழைக்கடா. இதற்கு எவ்வளவு நினைவகம் போகும் என்று கணக்குப் போட வைத்தார். பேசிக் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவதால் பன்னிரண்டு என்றால் பதின்மூன்று இடம், முப்பத்தொன்று என்றால் முப்பத்திரண்டு இடம். பெருக்கினால் 416 கட்டம். கட்டத்துக்கு 4 பைட் வீதம் 1,664 பைட். பறவையில் அரைப் பறவை, கால் பறவை கிடையாது என்பதால் பெயருக்குப் பின்னால் சதவீதக் குறி போட்டு முழு எண் அணியாக அறிவித்தால் கட்டத்துக்கு 2 பைட், மொத்தம் 832. பக்கத்திலேயே இருக்கிற கரிக்கிலி ஏரியையும் சேர்த்து மூன்று பரிமாணமாக்கினால் எவ்வளவு என்று அடுத்த கேள்வி. அறுபதாயிரத்தில் நின்றுகொண்டு பைட் பைட்டாக எண்ணுகிற அந்தச் சிக்கனம் இன்றைய பிள்ளைகளுக்குத் தேவையில்லை. ஆனால் அறிவித்தல் என்பது வெறும் சடங்கு இல்லை, அங்கே உண்மையாகவே இடம் பிடிக்கப்படுகிறது என்பது அந்தக் கணக்கில்தான் எனக்குப் புரிந்தது.

நோட்டில் இருந்த ஒரு மாதத்தை முழுவதுமாக ஏற்றினோம். கோடு போட்ட நாட்களுக்கு ஒன்றும் தட்டாமல் தாண்டிவிடலாம், அணியில் அந்த இடம் காலியாகத்தானே இருக்கும் என்றார் சார். பறவைவாரியாகச் சராசரி எடுத்து, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கர்ரென்று அச்சடித்து, ஓரத்து ஓட்டைப் பட்டையைக் கிழித்துவிட்டுப் பெருமையாகக் கொண்டுபோய்ப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். சராசரியை விட்டுவிட்டு மேலே இருந்த பட்டியலில் விரலை வைத்து ஒவ்வொரு தேதியாக நகர்த்தினார்.

"ஏண்டா தம்பி, இந்தத் தேதியில நான் மழையில போவல. கோடுதான போட்டிருந்தேன்? இதுல பூஜ்ஜியம்னு கீதே."

டிம் என்று சொன்னதும் ஜிடபிள்யூ பேசிக் இடத்தைப் பிடித்து, எல்லா இடத்திலும் பூஜ்ஜியத்தை நிரப்பி வைத்துவிடுகிறது. காலி என்று ஒரு நிலையே அங்கே இல்லை. யாரும் எதுவும் எழுதாத கட்டமும் பூஜ்ஜியம், எண்ணிப் பார்த்து ஒன்றும் வராத கட்டமும் பூஜ்ஜியம். ஐந்து நாளை உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூழைக்கடா முதல் நாள் 40, அடுத்த நாள் 65, மூன்றாம் நாள் போய்ப் பார்த்தும் ஒன்றும் வரவில்லை, நான்காம் நாள் மழையில் போகவில்லை, ஐந்தாம் நாள் 52. எண்ணிய நாள் நான்கு, கூட்டல் 157, சராசரி 39.25. பேசிக் அணியின் கணக்கில் நாள் ஐந்து, சராசரி 31.4. பெரியப்பா வீட்டுத் திண்ணையில் நனையாமல் உட்கார்ந்திருந்த ஒரே காரணத்துக்காக நாளைக்கு எட்டுக் கூழைக்கடா குறைந்துவிட்டது.

சாரிடம் கொண்டுபோனேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, முதலில் எல்லாக் கட்டத்திலும் -1 நிரப்பி வைத்துவிடு, எண்ணிய நாளுக்கு மட்டும் மேலே எழுது, கூட்டும்போது -1 இருந்தால் தாண்டச் சொல் என்றார். நல்ல வழிதான். பறவை எண்ணிக்கை மைனஸில் போகாது, ஆகவே -1 என்பது கோடு. ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. தாண்டச் சொல்கிற அந்த ஒரு வரியை எவராவது விட்டுவிட்டால், மேலே சொன்ன உதாரணத்தில் கூட்டல் 156 ஆகி, சராசரி 31.2 என்று வரும். பார்ப்பதற்கு யோக்கியமான எண். யாருக்கும் சந்தேகம் வராது. வானிலைத் தரவுகளில் விடுபட்ட இடத்துக்கு -999 என்று போடுகிற வழக்கம் இருப்பதைப் பிற்பாடு பார்த்தபோது அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தவர் அனுபவஸ்தர் என்று தோன்றியது. அதே ஐந்து நாளில் -1க்குப் பதில் -999 இருந்து, தாண்ட மறந்திருந்தால் சராசரி -168.4 வரும். தப்பு நடந்திருக்கிறது என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும்.

பெரியப்பாவுக்கு -1 பிடிக்கவில்லை. "கோட்டுக்குப் பின்னால எதுக்கு ஒண்ணு?" என்று கேட்டார். அச்சடிக்கும்போது அந்த ஒன்றை எடுத்துவிட்டுக் கோட்டை மட்டும் அச்சடிக்க ஒரு இஃப் போட்டேன். அந்தத் தாள்தான் அவருக்குத் திருப்தி. நோட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

வருஷங்கள் ஓடின. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு சி பிளஸ் பிளஸ் நடத்திக்கொண்டிருந்தேன். பாடநூலில் அணிகள் பாடத்துக்கு மாணவர்களின் மதிப்பெண்தான் உதாரணம், உலகம் முழுக்க அதுதான் உதாரணம். மதிப்பெண்ணை எண்ணிப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆசை இருக்காது என்பதை ஏனோ எவரும் யோசிப்பதில்லை. நான் பறவையைக் கொடுத்தேன். ஐந்து இடம் உள்ள அணியை மெயினுக்குள் அறிவித்து, ஒன்றும் போடாமல் அப்படியே அச்சிடச் சொன்னேன். லேபில் ஒரே சிரிப்பு. ஒருத்தி திரையில் முப்பதாயிரத்துச் சொச்சம் கூழைக்கடா. பக்கத்துப் பையன் திரையில் மைனஸ் கூழைக்கடா. "சார், எனக்குக் கடன் விழுந்திருக்கு" என்றான்.

சி பிளஸ் பிளஸ் இடத்தைப் பிடித்துக் கொடுக்கும், கூட்டித் துடைத்துக் கொடுக்காது. அந்த நினைவகத்தில் அதற்கு முன் எந்த நிரல் எதை விட்டுச்சென்றதோ அது அங்கே கிடக்கும். அதே வரியை மெயினுக்கு வெளியே எழுதினால் எல்லாம் பூஜ்ஜியம். இந்த வித்தியாசத்தைப் பரீட்சையில் ஒரு மதிப்பெண் கேள்வியாகத்தான் கேட்பார்கள். ஆனால் இதைவிடப் பெரிய சிக்கல் எல்லையில் இருக்கிறது. ஐந்து இடம் வாங்கிவிட்டு ஒன்பதாவது இடத்தைக் கேட்டால் பேசிக் நின்று கத்தும். சி பிளஸ் பிளஸ் வாயைத் திறக்காமல் பக்கத்து இடத்தில் கிடப்பதை எடுத்துக் கொடுத்துவிடும், எழுதச் சொன்னால் எழுதியும்விடும். முதன்முதலில் நிரல் கற்கிற பிள்ளைக்கு, கத்துகிற மொழிதான் நல்ல மொழி. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. 2019ல் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைதான் வந்தபோது என்னைப் போன்றவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதற்கு முன்பே எழில் கைக்கு வந்திருந்தது. முத்து அண்ணாமலை அமெரிக்காவில் இருந்துகொண்டு உருவாக்கிய மொழி, தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதலாம். பைதானின் மேல் கட்டியது. 2009ல் அதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார், 2013 வாக்கில் கட்டற்ற மென்பொருளாகப் பரவலாகக் கிடைத்தது. கோடை விடுமுறையில் ஊரில் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து, அவர்கள் அக்கா, அண்ணன்களுக்குக் கிடைத்த விலையில்லா மடிக்கணினியில் அதைப் போட்டுப் பார்த்தோம். ஆங்கிலம் வராத ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் குறுக்கே நிற்கிற முதல் சுவர் அதில் இல்லை. பாடம் நேராகப் பாடத்துக்கே போனது. அன்றைக்குப் பலகையில் எழுதியது ஏறக்குறைய இது:

கடா = பட்டியல்()
பின்இணை(கடா, 40)
பின்இணை(கடா, 65)
பின்இணை(கடா, 0)
பின்இணை(கடா, 52)
மொத்தம் = 0
@(நாள் = 0, நாள் < நீளம்(கடா), நாள் = நாள் + 1) ஆக
    மொத்தம் = மொத்தம் + எடு(கடா, நாள்)
முடி
பதிப்பி மொத்தம் / நீளம்(கடா)

இங்கே இடம் முன்பதிவு இல்லை. பட்டியல்() என்றால் ஒன்றுமே இல்லாத பட்டியல், அதன் நீளம் பூஜ்ஜியம். பின்இணை என்று சொல்லச் சொல்லத்தான் வளரும். டிம் போட்டு 416 கட்டம் வாங்கிய எனக்கு இது ஊதாரித்தனமாகப் பட்டது. பிள்ளைகளுக்கு இதுதான் இயல்பாக இருந்தது. நோட்டில் நாளைக்கு ஒரு வரி சேர்வது அப்படித்தானே.

"முதல் நாளை எடுக்க ஏன் சார் பூஜ்ஜியம்?" என்று கேள்வி வந்தது. வராமல் இருக்காது. படாளம் கூட்டுரோட்டிலிருந்து நம் ஊருக்கு வருகிற சாலையில் கிலோமீட்டர் கல் நட்டிருக்கிறார்களே, கூட்டுரோட்டில் நிற்கிறவன் எத்தனை கிலோமீட்டர் வந்திருக்கிறான் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பது எத்தனையாவது என்ற எண் இல்லை, ஆரம்பத்திலிருந்து எவ்வளவு தூரம் என்ற எண். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பூஜ்ஜியத் தொல்லை இதில் இல்லை என்பதைச் சந்தோஷமாகப் பெரியப்பாவிடம் சொன்னேன். அப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டிருந்தது. நோட்டை அவர் பேத்தி எழுதிக்கொண்டிருந்தாள். மழை நாளைச் சேர்க்கவே வேண்டாம், சேர்க்காவிட்டால் அது பட்டியலிலேயே இருக்காது, சராசரி தானாக 39.25 வந்துவிடும் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. "அப்ப அஞ்சாந்தேதி கணக்கு எங்க உக்காரும்?" என்றார். நான்காவது இடத்தில் உட்காரும். ஐந்தாம் தேதியின் 52 நான்காம் தேதி ஆகிவிடும். கோடு காணாமல் போனதோடு தேதியும் நழுவிவிட்டது.

ஆகவே தேதிக்கு ஒரு பட்டியல், எண்ணிக்கைக்கு ஒரு பட்டியல் என்று இரண்டை இணையாக ஓட்டினோம். அது ஒரு வாரம் தாங்கியது. அதிகமாக வந்த நாள் எது என்று பார்க்க ஆசைப்பட்ட பையன் எண்ணிக்கைப் பட்டியலை மட்டும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினான். எண்கள் அழகாக ஏறுவரிசையில் நின்றன. தேதிப் பட்டியல் இருந்த இடத்திலேயே இருந்தது. எந்த எண் எந்த நாளுக்கு உரியது என்பது அந்த நிமிஷத்தோடு போய்விட்டது, பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு அதை எவராலும் மீட்க முடியாது. நல்லவேளை, பெரியப்பாவின் நோட்டு காகிதத்தில் இருந்தது. அதைப் பார்த்து மறுபடி ஏற்றினோம். பைதானில் எழுதும்போது இதற்கு வசதியான வழிகள் உண்டு. தேதியையும் எண்ணையும் ஜோடியாகக் கட்டி ஒரே இடத்தில் வைக்கலாம், போகாத நாளுக்கு நன் (None) என்ற தனி மதிப்பே இருக்கிறது. அதைக் கூட்டப் போனால் மொழி மறுத்து நின்றுவிடும். பெரியப்பாவின் கோட்டுக்கு மிக நெருக்கமாக வந்தது அதுதான்.

எக்செல் தெரிந்தவர்கள் இந்த இடத்தில், காலிச் செல்லைச் சராசரி விட்டுவிடுமே, இதற்கு இவ்வளவு பேச்சா என்பார்கள். விட்டுவிடும். யாரோ ஒரு புண்ணியவான் அட்டவணை அசிங்கமாக இருக்கிறதே என்று காலிச் செல்களில் பூஜ்ஜியத்தை இழுத்து நிரப்பும் வரைக்கும்.

2015 டிசம்பரில் மழை எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. ஏரி தளும்பியது, பறவைக்குக் குறைவில்லை. ஆனால் கரைக்குப் போக வழியில்லை. பேத்தியின் நோட்டில் பக்கம் முழுக்கக் கோடு. மறு வருஷம் 2016ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. ஏரியில் தண்ணீர் இல்லை. தண்ணீருக்குள் நிற்காத மரத்தில் பறவை கூடு கட்டாது, பூனையும் பாம்பும் ஏறிவிடும். அவள் தவறாமல் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து கட்டம் கட்டமாகப் பூஜ்ஜியம் போட்டாள். இந்த இரண்டு பக்கத்தையும் டிம் போட்ட அணியில் ஏற்றியிருந்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருந்திருக்கும். ஒன்று நிறைந்த ஏரி, இன்னொன்று வறண்ட ஏரி. பறவைகள் குறைந்துகொண்டே வருகின்றன என்று அதை வைத்து ஒருவர் வரைபடம் போடலாம், அதற்குக் காரணமும் கண்டுபிடிக்கலாம்.

அணிப் பாடம் நடத்துகிற ஆசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அறிவிப்பது எப்படி, எடுப்பது எப்படி, சுற்றுவது எப்படி என்பதெல்லாம் பாடநூலில் இருக்கிறது, பிள்ளைகளே படித்துக்கொள்வார்கள். நீங்கள் நடத்தும் மொழி எதுவானாலும் முதல் நாளே, ஒன்றும் போடாத கட்டத்தில் என்ன இருக்கிறது என்று அச்சிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பேசிக்கில் பூஜ்ஜியம், சி பிளஸ் பிளஸில் குப்பை, எழிலிலும் பைதானிலும் கட்டமே இல்லை. அதைப் பார்த்த பிறகு, உன் கணக்கில் தெரியாது என்பதை எப்படி எழுதப்போகிறாய் என்று கேளுங்கள். மதிப்பெண் உதாரணத்திலேயே இதைக் கேட்கலாம். பரீட்சைக்கு வராதவனும் பூஜ்ஜியம் வாங்கியவனும் ஒன்றில்லை என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

உதாரணத்துக்குப் பறவை வேண்டும் என்றால் தை மாதத்தில் பொங்கல் நாட்களை ஒட்டி, 2015 முதல் ஒவ்வொரு வருஷமும் தமிழகத்தில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வேடந்தாங்கலுக்கு வரவேண்டும் என்பதுகூட இல்லை. உங்கள் தெருவிலோ பள்ளி மைதானத்திலோ கால் மணி நேரம் நின்று பார்த்ததை இபேர்டு தளத்தில் பதியலாம். பார்த்தீர்கள், ஆனால் எத்தனை என்று எண்ணவில்லை என்றால் அங்கே எண்ணுக்குப் பதில் எக்ஸ் என்று போட இடம் இருக்கிறது. பூஜ்ஜியம் போடாதீர்கள்.